இறங்குமுன் ஒரு ‘போட்டு வாங்கோ’

எங்கள் மலையின் பழைய செயர்லிஃப்ற்றை இந்தக் குளிர்காலத்தோடு கழற்றிவிடப் போகிறார்கள். அதனிடத்தில் வரவிருக்கும் புதியது, உச்சியை அடைந்ததும் தானாகவே வேகத்தைத் தளர்த்தி, பயணியைக் கண்ணாடிப் பாத்திரம்போல மெல்ல நிலத்தில் விடுமாம். அங்கே இப்போதும் பணிபுரிகின்ற இருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார்கள். பழைய லிஃப்ற்றின் உச்சியில் நான் நின்ற காலத்தைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்றார்கள். “அங்கிள், பட்டன் அமத்துற வேலைதானே, ரெண்டு பக்கம் காணும்” என்று அவர்களுள் ஒருவர் சொன்னார். அந்தக் கருத்தைத் திருத்துவதற்கு இரண்டு பக்கங்கள் போதா என்பதனாலேயே இக்கட்டுரை சற்று நீண்டுவிட்டது.

மலை என்று நான் குறிப்பிடுவதும் ஒருவகை மரியாதைச் சொல்லே. ரொறன்ரோவின் வடபுறத்தில், நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் மரங்களுக்கு மேலே சிறிது தலை காட்டுகின்ற மேடு அது. நுவரெலியாவைக் கண்டவர் எவரும் அதை மலையென ஒப்புக்கொள்ளமாட்டார். ஆனால் கீழே விழுகின்ற மனிதருக்கு மேடென்றும் மலையென்றும் வேறுபாடு தெரிவதில்லை.

நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவன். பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் பெற்றவன். கனடாவுக்கு வந்து, குடும்பத்தோடு ஸ்காபரோவில் குடியேறிய பின், குளிர்காலத்துக்கு மட்டுமென்று ஏற்றுக்கொண்ட வேலை அது. ஓய்வுபெறும் வரையில் அதனை விடவில்லை. பட்டதாரி ஒருவர் பனியில் நின்று வேலை செய்வதா என வினவியோர் உண்டு. இழுவிசையும் உராய்வும் சாய்தளமும் நாள்முழுதும் கண்ணெதிரே இயங்குகின்ற இடம் அதுவென்று அவர்களுக்கு விடையளித்தேன்.

செயர்லிஃப்ற்றைக் காணாதவர்களுக்காக ஒரு சொல். உருக்குக் கம்பிவடம் ஒன்று அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே ஓயாமற் சுற்றிக்கொண்டிருக்கும். அதிலே இருவர் அமரக்கூடிய கதிரைகள் தொங்கும். அடிவாரத்தில் கதிரை பின்னாலிருந்து வந்து உங்களை அள்ளிக்கொள்ளும். உச்சியிலோ அது நிற்காது. நிலத்தில் இறங்குமிடத்தைக் காட்டும் கோடு வந்ததும் நீங்களே எழுந்து, உங்களுக்கு முன்னாலுள்ள சரிவில் வழுக்கி விலகவேண்டும். கதிரை பெருஞ்சக்கரத்தைச் சுற்றித் திரும்பிப் போய்விடும். ஓடுகின்ற பஸ்சிலிருந்து இறங்கிப் பழகிய நம்மவருக்கு இஃது எளிதில் விளங்கும். வேறுபாடு ஒன்றுதான்: பஸ்சிலிருந்து இறங்குகையில் நம் கால்களில் ஆளுயரப் பனிச்சறுக்குப் பலகைகள் கட்டப்பட்டிருப்பதில்லை.

அடிவாரத்தில் ஆட்களை ஏற்றிவிடும் பணியிலேயே முதலில் இருந்தேன். அதைப்பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. ஏற்றுவதற்குப் புன்னகை போதும். பின்னர் உச்சிக்கு அனுப்பப்பட்டேன்.

எங்கள் உச்சியின் இறங்குதளம் அந்தத் தொழிலில் உள்ளோரிடையே பெயர்பெற்றது. நல்ல பெயரன்று. முதலாவதாக, அதன் சரிவு குறுகியது. நன்றாகப் பழகியவருக்குங்கூட நிலைகொள்ள அவகாசம் தராது. அடுத்து, தளம் இடதுபுறமாகச் சரிந்திருந்தது. வருகின்றவர்கள் எல்லோரும் போகவிரும்பிய பாதையோ வலதுபுறத்தில் இருந்தது. இவை போதாவென்று, காற்றுக்கு ஒதுக்கமாக இருக்கட்டுமென எண்ணி, லிஃப்ற்றைக் கண்காணிப்பவரின் குடிலை எவரோ கோட்டுக்குப் பின்னால் கட்டிவிட்டார்கள். ஆகவே கோட்டைத் தாண்டியவருக்கு நான் எப்போதும் முதுகுப் பக்கத்து மனிதன். இந்த மூன்றாவது குறையின் கனதி எனக்கு வெகுகாலத்தின் பின்னரே விளங்கிற்று.

என் மேற்பார்வையாளரின் பெயர் ஹெலன். ஒன்ராறியோவின் வடகோடியில் பிறந்தவர். என்னிலும் வயதில் இளையவர். பேச்சைச் சில்லறைபோல எண்ணிச் செலவழிப்பார். பாலசுந்தரம் என்ற என் பெயரை முதல்நாளே ஒருமுறை சரியாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, அதன்பின் “மிஸ்டர் பாலா” என்றே அழைத்தார். ‘மிஸ்டர்’ இருந்தபடியால் நானும் ஆட்சேபிக்கவில்லை.

காலையில் லிஃப்ற்றைத் திறக்குமுன் அவர் செய்கின்ற சோதனை விசித்திரமானது. முதற்கதிரையில் தனியாக அமர்ந்து வருவார். கோட்டை நெருங்கும்போது கண்களை மூடிக்கொள்வார். மூடிய கண்களுடனேயே எழுந்து, சரிவில் வழுக்கிப் போவார். ஒன்றும் சொல்லாமற் போனாரென்றால் தளம் செவ்வையாக உள்ளதென்று பொருள். எங்கேனும் கால் இடறிற்றென்றால் திரும்பி வந்து, குடிலின் சுவரில் சாத்தியிருக்கும் மண்வெட்டியை எடுத்து என் கையில் தருவார். அப்போதும் ஒன்றும் சொல்லமாட்டார். ஒருமுறை காரணம் கேட்டேன். “வருகின்றவர்களில் பாதிப்பேர் பயத்திலே கண்ணை மூடிக்கொள்கிறார்கள். தளம் அவர்களுக்குந்தான்” என்றார்.

மண்வெட்டி வேலையிலும் நுட்பம் உண்டு. கதிரைக்கடியிலுள்ள பனி தாழ்ந்துபோனால் குள்ளமானவர்களின் கால் நிலத்தில் எட்டாது, குதிக்கவேண்டி வரும். உயர்ந்துவிட்டாலோ நெடியவர்களின் முழங்கால் மடிந்து, கதிரை அவர்களை முன்னே தள்ளிவிடும். வெயில் எறித்த பிற்பகலில் மேற்பரப்பு உருகி, மாலைக் குளிரில் கண்ணாடியாக இறுகும். அப்போது இரும்புப் பல் கொண்ட வாரியால் கீறிக் கரடாக்கவேண்டும். கைக்கெட்டும் இடத்தில் இரு பொத்தான்கள் இருந்தன. ஒன்று வேகத்தைக் குறைக்கும், மற்றது நிறுத்தும். நிறுத்தும் பொத்தானை அழுத்தினாலும் கதிரைகள் உடனே நின்றுவிடமாட்டா. இன்னும் ஒரு கார்நீளம் ஓடியே அடங்கும். ஆகவே விழுந்த பின்னர் அழுத்துபவன் பிந்தியவன். விழப்போகிறவரின் தோளைப் பார்த்தே அழுத்தத் தெரியவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டிலிருந்தும் ரூஜிலிருந்தும் நம் குடும்பங்கள் வரத் தொடங்கின. பிள்ளைகளைப் பழக்குவதற்கென வந்து, பின்னர் பெற்றாரும் பலகை கட்டினார்கள். நம் பண்பாடு எத்தகைய உயரத்திலும் நம்மைக் கைவிடாது என்பதற்கு அக்கதிரைகளே சாட்சி. ஒருநாள் மைத்துனர்கள் இருவர் ஒரே கதிரையில் வந்துகொண்டிருந்தார்கள்.

“மச்சான், நீங்கள் முதல் இறங்குங்கோ.”

“சீச்சீ, நீங்கள் மூத்தவர். நீங்கள் இறங்குங்கோ.”

“அதென்ன மூத்தது இளையது, நீங்கள் எங்கடை வீட்டு மாப்பிளை எல்லோ.”

கோடு இருவரையும் கடந்து போயிற்று. மாப்பிள்ளையும் மூத்தவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டபடியே பெருஞ்சக்கரத்தை நோக்கிப் பயணமானார்கள். இறங்கத் தவறுவோருக்கென அவ்விடத்தில் மெல்லிய கம்பியொன்று கட்டப்பட்டிருந்தது. அதில் கால் பட்டதும் லிஃப்ற் நின்றது. ஏணி வைத்து இறக்கினோம். ஏணியிலும் யார் முதல் என்ற பிரச்சினை எழுந்தது. நான் கண்டிப்பான குரலில் மூத்தவரை முதலில் இறங்கச் சொல்லித் தீர்ப்பளித்தேன்.

இப்படியான காட்சிகள் எனக்கு நகைப்பூட்டினவே அன்றிக் கவலையூட்டவில்லை. கவலை வேறொரு வழியாக வந்தது. ஒருநாட் பிற்பகல் ஹெலன் குடிலுக்குள் வந்து, கையுறைகளைக் கழற்றாமலே நின்றார்.

“மிஸ்டர் பாலா, நீங்கள் மேலே நிற்கும் ஞாயிறுகளில் ஆட்கள் கூடுதலாக விழுகிறார்கள். மற்றவர்கள் நிற்கும் நாட்களில் அப்படி இல்லை. ஏனென்று எனக்குத் தெரியவில்லை.”

“ஞாயிறுகளில் பழகாதவர்கள் கூடுதலாக வருகிறார்கள்.”

“சனியிலும் வருகிறார்கள். பள்ளிகளின் மார்ச் விடுமுறைக் கூட்டம் வருமுன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கீழே போகவேண்டியிருக்கும்.”

அவர் குரலில் கடுமை இல்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால் மறுத்துப் பேசியிருக்கலாம். கீழே போவதென்றால் ஏற்றிவிடும் இடத்துக்கன்று, கார்த் தரிப்பிடத்துக்கு. வாகனங்களுக்கு வழிகாட்டும் வேலை. அது இழிவான தொழிலன்று. ஆனால் ‘உச்சியில் இவர் நின்றால் ஆட்கள் விழுவார்கள்’ என்ற பெயருடன் அங்கே போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. என் வாழ்நாளில் எந்த இடத்திலும் என் கவனக்குறைவால் எவரும் விழுந்ததில்லை.

ஆய்வைத் தொடங்கினேன். நீர்மட்டக் கருவி வைத்துத் தளத்தின் சரிவை அளந்தேன். பனியின் உயரத்தை அளந்தேன். வடத்தின் வேகத்தைக் கணித்தேன். சனியன்றும் சென்று அவையனைத்தையும் மறுபடி அளந்தேன். எல்லாம் ஒன்றாகவே இருந்தன. பௌதிகவியலின் கண்ணில் சனியும் ஞாயிறும் ஒன்றே. எனினும் ஞாயிற்றுக்கிழமை பிறந்ததும் ஆட்கள் விழுந்தார்கள். அதிலும் ஒழுங்காக எழுந்து, ஒழுங்காக வழுக்கி, ஆபத்தெல்லாம் நீங்கிற்று என நான் பெருமூச்சு விடுகின்ற அந்தக் கணத்திலேயே விழுந்தார்கள்.

விடையைக் கொண்டுவந்தவர் தங்கம் ரீச்சர்.

வடமராட்சியில் நெடுங்காலம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர் அவர். மருமகள் பனியில் சறுக்கப் பழகியதைக் கண்டு, “அவளுக்கு ஏலுமெண்டா எனக்கென்ன” என்று தாமும் பழகத் தொடங்கியவர். அன்று கோட்டில் எழுந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது, பலகைகள் இணையாக இருந்தன. பாடநூலில் அச்சிடக்கூடிய இறக்கம். சரிவின் நடுவே வந்ததும், இரு கைகளையும் கூப்பியவாறு முழு உடம்பையும் என் பக்கம் திருப்பினார்.

“அப்ப அண்ணை, போட்டு வாறன்.”

உடம்பு திரும்பினால் பலகையும் திரும்பும். பலகைகள் ஒன்றையொன்று தாண்டிப் பின்னிக்கொண்டன. ரீச்சர் இருந்தபடியே சறுக்கி, தளத்தின் இடதுபுறச் சரிவினால் கதிரைகள் வரும் வழியிலேயே வந்து கிடந்தார். அவருடைய தோள் திரும்பியபோதே நான் பொத்தானை அழுத்தியிருந்தேன். அடுத்த கதிரையில் பிள்ளைகள் இருவர். அவர்களுடைய கால்களில் இருந்த பலகைகளின் நுனிகள் ரீச்சரின் தலைக்கவசத்துக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் ஆடி நின்றன.

ஓடிச்சென்று முழந்தாளிட்டேன். “ரீச்சர், எங்கையும் நோகுதோ?”

“நோகேல்லை. நான் சொன்னது உங்களுக்குக் கேக்கேல்லையோ?”

“எது ரீச்சர்?”

“போட்டு வாறன் எண்டனான். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை.”

“போட்டு வாங்கோ ரீச்சர்” என்றேன். அதன் பின்னரே தூக்கிவிட அனுமதித்தார்.

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிற்று. நம்மவர் எவரும் ‘போறன்’ என்று சொல்லி விடைபெறமாட்டார். அது அபசகுனம். யாழ்ப்பாணத்தார் ‘போட்டு வாறன்’ என்பர். மட்டக்களப்பார் நாங்கள் ‘போயிற்று வாறன்’ என்போம். எந்த வழக்கிற் சொன்னாலும் பலகை ஒரேவிதமாகவே வழுக்கும். அதை முதுகு காட்டிக்கொண்டு சொல்லமுடியாது. முகம்பார்த்துச் சொல்லி, மறுமொழியையும் பெற்றுக்கொண்ட பின்னரே கால் நகரும். சனிக்கிழமை குடிலில் நிற்பவரிடம் விடைபெற எவருக்கும் தோன்றவில்லை. ஞாயிறுகளிலோ அங்கே நின்றவன் நான்: நம்முடைய அண்ணை, நம்முடைய அங்கிள். என்னை மதித்தவர்கள் எல்லோரும் விழுந்தார்கள். மதிக்காத பிள்ளைகள் நேராகப் போனார்கள்.

லிஃப்ற் நின்ற காரணத்தை அறிய ஹெலன் மேலே வந்தார். அவருக்கு விளக்குவது எளிதாக இருக்கவில்லை.

“போகும்போது ‘திரும்பி வருகிறேன்’ என்று சொல்வீர்களா?”

“ஆம்.”

“திரும்பி வருவீர்களா?”

“அது வேறு விடயம்.”

“நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.”

“பதில் வரும்வரை திரும்பி நிற்பார்கள்.”

“அப்படியானால் அவர்களுக்கு நீங்கள் யாரென்று தெரியக்கூடாது.”

அடுத்த ஞாயிறு முகத்தைக் கண்ணளவுக்கு மூடிக்கொண்டு நின்றேன். நேரே செல்லுமாறு ஆங்கிலத்தில் மட்டும் அறிவுறுத்தினேன். முதற்கதிரையில் வந்த ஒருவர் மனைவியிடம், “எங்கடை அண்ணை இண்டைக்கு இங்கிலிசிலை கதைக்கிறார், மனேச்சர் பக்கத்திலை நிக்கிறாபோலை” என்றார். பின்னர் என்னைத் தனிமையில் விடக்கூடாதென்ற பரிவோடு முழுதாகத் திரும்பி, “குளிரோ அண்ணை? அப்ப போட்டு வாறம்” என்று சொல்லி, மனைவியோடு சேர்ந்து விழுந்தார். தமிழில் அறிவித்தல் பலகை நாட்டலாமா எனக் கேட்டேன். ஹெலன் மறுத்துவிட்டார். இறங்கும் இடத்தில் எழுத்தைக் கண்டால் நின்று வாசிப்பார்கள் என்றார். அதுவும் உண்மையே.

எஞ்சியிருந்த வழி ஒன்றே. விடைபெறுதலுக்கு இரண்டு பாதிகள் உண்டு. போகிறவரின் பாதியை நான் தடுக்கமுடியாது. ஆனால் என் பாதியை முன்கூட்டியே கொடுத்துவிடலாம். கதிரை கோட்டை அடையுமுன், அவர்கள் இருக்கையிலேயே என்னை நேர்முகமாகப் பார்த்து வரும்போதே, ‘போட்டு வாங்கோ’ என்று நான் சொல்லிவிட்டால் அந்தக் கடன் அங்கேயே தீர்ந்துவிடும். அதன்பின் திரும்புவதற்குத் தேவை இராது.

கோட்பாட்டளவில் பிழையற்ற தீர்வு. நடைமுறையில் அதைச் சொல்வதற்கு என் நாக்கு எழவில்லை. படலையைத் திறந்து உள்ளே வருகின்ற விருந்தினரைப் பார்த்து ‘போட்டு வாங்கோ’ என்று சொல்லும் மனிதரை நம்மவர் என்னவென்று அழைப்பார்கள் என்பதை நான் அறிவேன். வாசலில் வந்த பகைவருக்கும் இருக்கச் சொல்லித் தண்ணீர் கொடுக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். ஒரு பக்கம் தொழிலில் என் பெயர். மறுபக்கம் ஊரவரிடம் என் பெயர். இரண்டையும் காப்பாற்றுகின்ற வழியெதுவும் எனக்குத் தென்படவில்லை. அந்தக் கதிரையில் ஆடிநின்ற பிள்ளைகளின் பலகை நுனிகளை நினைத்துக்கொண்டேன். முகமூடியைக் கழற்றிவிட்டு, குரலை உயர்த்தினேன்.

“போட்டு வாங்கோ.”

கதிரையில் இருந்த கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தனர். “இப்பதானே வாறம்” என்றார் கணவர்.

“ஓம். போட்டு வாங்கோ.”

இறங்கினார்கள். திரும்பவில்லை. விழவுமில்லை.

“அங்கிள், வீ ஜஸ்ற் கொற் ஹியர்” என்றனர் இளையோர். “என்னண்ணை, வரமுதலே கலைக்கிறீங்கள்?” என்றார் ஒருவர். விளக்கிச் சொல்வதற்கோ நேரமில்லை. கதிரை எவருக்காகவும் காத்திராது. அந்த வாரமே கோயிலுக்குப் போய்வந்த என் மனைவி செருப்பைக் கழற்றுமுன்னரே கேட்டார்: “ஏனப்பா, அங்கை ஆக்களைக் கலைக்கிறீங்களாம்? மூண்டுபேர் கேட்டிட்டினம். எனக்கு எங்கை முகத்தை வைக்கிறதெண்டு தெரியேல்லை.”

“ஆரும் விழுந்ததெண்டு சொன்னவையோ?”

“அதை ஆர் கேட்டது?”

மார்ச் விடுமுறைக்கு முந்திய ஞாயிறு. ஹெலன் காலையிலிருந்தே குடிலில் என் அருகே நின்றார். தீர்ப்பு நாள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அன்று பிற்பகல் வரையில் தளத்தில் நம்மவர் ஒருவர்கூட விழவில்லை. பலர் என்னைப் பாராமலே போனார்கள். சிலர் பார்த்தும் பேசாமற் போனார்கள்.

அப்போது தங்கம் ரீச்சர் தனியாக ஒரு கதிரையில் வருவதைக் கண்டேன். தொலைவிலேயே என்னை இனங்கண்டு முகம் மலர்ந்தார். கையுறையணிந்த கையை உயர்த்தினார். அவரிடம் மட்டுமாவது இரண்டு நல்ல வார்த்தை பேசலாமே என மனம் தயங்கிற்று. ஆனால் எல்லோரையும்விட நன்றாகத் திரும்பத் தெரிந்தவர் அவரே.

“ரீச்சர், போட்டு வாங்கோ.”

கை இறங்கிற்று. “நான் இன்னும் வந்து சேரேல்லை” என்றார்.

“ஓம் ரீச்சர். போட்டு வாங்கோ.”

அவர் முகம், பிழையான விடையை இரண்டாந்தடவையும் எழுதிய மாணவனைப் பார்க்கின்ற முகமாக மாறிற்று. பின்னர் அதுவும் என்னை விட்டு விலகி நேரே முன்னால் நோக்கிற்று. கோட்டில் எழுந்தார். சரிவில் இறங்கினார். இடதுபுறச் சாய்வைச் சினத்தோடு மிதித்துக் கடந்து, வலதுபுறப் பாதையில் ஒரே வளைவில் மறைந்தார். ஒருதடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தளத்தில் நான் நின்ற காலம் முழுவதிலும் அத்தனை அழகான இறக்கத்தை நான் கண்டதில்லை.

“அன்றைக்கு விழுந்த அம்மா இவர்தானே?” என்று கேட்டார் ஹெலன்.

“ஆம்.”

“கோபமா?”

“மிகவும்.”

“விடுமுறை முழுவதும் நீங்கள் மேலேயே நில்லுங்கள், மிஸ்டர் பாலா” என்று சொல்லிவிட்டு ஹெலன் தம் பலகைகளைக் கட்டத் தொடங்கினார்.

அடுத்த கதிரை நெருங்கிக்கொண்டிருந்தது. அதிலே வயதான தம்பதியர் இருவர், எங்கள் ஆட்கள், என்னைக் கண்டு வணக்கம் சொல்வதற்காகக் கைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நிமிர்ந்து நின்று, அவர்கள் வாய் திறக்குமுன், அவர்களையும் வழியனுப்பி வைத்தேன்.